கன்னி மூலை ஆண்டெனா

போன லீவுக்கு வந்தபோது நீங்கள் இரண்டு பேரும் தோளில் இருந்த பையைக்கூடக் கழற்றாமல் வைஃபை பாஸ்வேர்டு கேட்டீர்கள். உங்கள் அக்கா சொன்னாள். போனைக் கையில் பிடித்தபடியே கட்டிலில் விழுந்தீர்கள். எனக்குக் கோபம் வந்தது. உங்கள் மேல் இல்லை. ஆனால் வந்தது. அந்த நெட் இந்த வீட்டுக்குள் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அந்த ஆடி மாதம் நீங்கள் ஹாஸ்டலில் இருந்தீர்கள். அக்காவைக் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். அம்மாவைக் கேட்டால் "அது எதுக்கு இப்ப" என்பாள். அதனால் அப்பா நானே எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவன் எழுதுவது. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நம் வீடு பள்ளத்தில் இருக்கிறது. வடகிழக்கே கரடு, ஒரு சின்னப் பாறைக் குன்று. கரட்டுக்கு அந்தப் பக்கம் பென்னாகரம் போகிற ரோடு, ரோட்டோரம் செல்போன் டவர். மாடியில் ஏறி நின்றால் கரடு தாழ்ந்திருக்கிற இடத்தில் டவரின் தலை மட்டும் தெரியும். அவ்வளவு பக்கம். ஆனால் அந்த டவரை நமக்காக வைக்கவில்லை. ஒகேனக்கல்லுக்குக் குளிக்கப் போகிறவன் காரில் உட்கார்ந்து வழியெல்லாம் வீடியோ பார்த்துக்கொண்டு போகிறான். இங்கேயே பிறந்து இங்கேயே வரி கட்டுகிற நாம் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டு ஆட்டுக் கொட்டகைக்கு ஓட வேண்டும். ரீசார்ஜ் மட்டும் அவனுக்கும் நமக்கும் ஒன்றுதான். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அக்கா பி.காம். முடித்த வருடம் அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரி பில்லுகளை கம்ப்யூட்டரில் பார்த்துத் தப்பு கண்டுபிடிக்கிற வேலை. அந்தக் கம்பெனிக்கு ஆபீஸ் என்று ஒன்று கிடையாது, எல்லோரும் அவரவர் வீட்டில் இருந்துதான் செய்ய வேண்டும். முதலில் பயிற்சி. காலை ஒன்பது மணிக்கு வீடியோவில் போய் உட்கார வேண்டும். லைன் அறுந்துகொண்டே இருந்தால் பெயரை எடுத்துவிடுவோம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள்.

அதே சமயம் உங்கள் பெரியப்பா பாலக்கோட்டுப் பக்கம் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். ஆடி என்பதால் பேச்சு நின்றிருந்தது.

"வேலைல சேர்ந்துட்டா பொறவு பாக்கலாம். இல்லன்னா ஆவணி மொத முகூர்த்தத்துல முடிச்சிரலாம். சும்மா வூட்ல வெச்சிருந்து என்ன பண்றது?" என்றார்.

அண்ணன் சொன்னால் நம் சொந்தத்தில் மறுபேச்சு கிடையாது. எல்லோரும் தலையாட்டினார்கள். அன்று ராத்திரி சாப்பிடும்போது அக்கா என்னிடம், "எனக்கு ஒரு ரெண்டு வருசம் குடுங்கப்பா. என் சம்பாத்தியத்துல நான் நின்னு பாத்துக்கறேன். பொறவு நீங்க சொல்றதுக்கு நான் குறுக்க நிக்கல" என்றாள். சரி என்று சொன்னேன். சொல்வது சுலபம். நெட் வந்தால் வேலை, வராவிட்டால் ஆவணியில் கல்யாணம். நிலைமை அதுதான்.

பயிற்சிக்கு முன்னால் கம்பெனி அனுப்பிய பாடங்களை அவள் கரட்டடிப் பாறையில் உட்கார்ந்துதான் படித்தாள். ஆடு மேய்க்கிறவர்கள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடையை ஒரு கையில் பிடித்துக்கொள்வாள், மடியில் லேப்டாப். அங்கே மட்டும்தான் ஒழுங்காகச் சிக்னல் வரும். பால் ஊற்றப் போகிற ஒருவர் வண்டியை நிறுத்தி, "பாறைக்குப் பட்டா வாங்கிட்டியா கண்ணு?" என்று கேட்டிருக்கிறார்.

"சிக்னலு இங்கதான் குடியிருக்குதுங்க மாமா. பட்டாவ அது பேர்லயே போடச் சொல்லுங்க" என்றாளாம் இவள்.

அது சிரிப்பு. சிரிக்க முடியாததும் இருந்தது. பாறை மேல் உட்கார்ந்து இந்தப் பெண் யாரோடு இவ்வளவு நேரம் பேசுகிறது என்று ஊரில் பேச்சு கிளம்பி, பெரியப்பா காதுக்கும் போனது. டவர்காரனைக் கேட்க வேண்டிய கேள்வியை என் பிள்ளையைக் கேட்டார்கள்.

அதனால்தான் ஆண்டெனா வாங்கப் போனேன். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கேமராவும் டிஷ்ஷும் விற்கிற ஒரு கடை. கடைக்காரர் நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு வெள்ளைக் குச்சியை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"இது எல்லாப் பக்கமும் இழுக்கும்ணே. எந்தப் பக்கம் திருப்பணும்னு கவலயே வேணாம். சும்மா நட்டு வுட்டுருங்க."

"எங்க வூடு பள்ளத்துல இருக்குதுங்க."

"பள்ளம்னா என்ன, ஒயரு நீளமா தர்றேன். நல்லா ஒசரத்துல ஏத்திருங்க."

டவர் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், எந்த சிம், வீட்டில் இருக்கிற பெட்டிக்கு எத்தனை துளை என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. செருப்பு வாங்கப் போனால்கூடக் காலைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். நானும் கேட்கத் தெரியாமல் வாங்கிக்கொண்டு வந்தேன். சிம் போடுகிற ரூட்டர் பெட்டியை அக்கா ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தாள். அதன் முதுகில் ஆண்டெனா ஒயருக்கு இரண்டு துளை. குச்சியில் இருந்து வந்தது ஒரு ஒயர். சுருட்டினால் கிணற்றுக் கயிறு போல அவ்வளவு நீளம்.

குச்சியை மாட்டியதும் கொஞ்ச நேரம் நெட் ஓடியது, பிறகு நின்றது. மறுபடி ஓடியது, நின்றது. வாங்கிய அன்றைக்கே எனக்கு வெறுத்துவிட்டது. சிம் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று ஒரு பெண் குரல் பாடிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பையன் வந்தான்.

"சார், உங்க ஏரியால நெட்வொர்க் ரொம்ப நல்லா இருக்கு சார்."

"நல்லா இருந்தா நான் எதுக்குங்க ஆட்டுக் கொட்டாய்ல நின்னு உங்ககிட்ட பேசறேன்?"

"ஆட்டுக் கொட்டாய்ல நல்லா கிடைக்குதுங்களா சார்?"

நான் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. அவன் வைத்தானா, தானாகப் போனதா, தெரியாது. பக்கத்தில் நின்ற ஆட்டைத் தவிர எனக்குத் திட்ட ஆள் இல்லை.

குச்சியைத் தூக்கிக்கொண்டு திரும்பக் கடைக்குப் போனேன். கடைக்காரர், "உங்க ஊருக்கு டவரே சரியில்லண்ணே. பூஸ்டர்னு ஒண்ணு இருக்குது, அத மாட்டிருங்க. தூக்கிரும்" என்றார். அக்கா கூட வந்திருந்தாள். "லைசென்ஸ் இல்லாம அத வெக்கக் கூடாதுங்க. எங்க வூட்டுக்கு இழுக்கறேன்னு சுத்தி இருக்கற எல்லார் போனையும் கெடுத்துரும்" என்றாள். "எல்லாரும் வெக்கறாங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளிடம் பேசப் போய்விட்டார். குச்சியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

பஸ்ஸில் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அவள்தான், "இனிமே கடைக்காரங்கள நம்ப வேணாம்பா. நானே படிச்சுப் பாக்கறேன்" என்றாள்.

பாறையில் உட்கார்ந்து இரண்டு மூன்று நாள் அதையே படித்தாள். போனில் ஏதோ ஒரு ஆப் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். டவர் எந்தத் திசை, அதிலிருந்து நம் சிம்முக்கு எந்த பேண்டில், அதாவது எந்த அலைவரிசையில், சிக்னல் வருகிறது என்பதையெல்லாம் அது காட்டியது. பிறகு எனக்கும் அம்மாவுக்கும் விளக்கினாள். கவனமாகப் படியுங்கள், உங்களுக்கும் என்றாவது உதவும்.

"அந்தக் குச்சி எல்லாப் பக்கமும் கேக்கும்பா. இங்க ரோட்டு டவரும் விழுது, அந்தாண்ட மலப்பக்கத்து டவரும் கொஞ்சம் விழுது. ரெண்டுக்கும் மாறி மாறித் தாவுது. தேர்க்கூட்டத்துல நின்னுக்கிட்டு ஒருத்தரு பேசறத மட்டும் கேக்க முடியுமா? நமக்கு ஒரே பக்கம் பாக்கறது வேணும்."

"ஒயரு?" என்று கேட்டேன்.

"ஒயரு நீளம் கூடக்கூட, வந்த சிக்னலு வழியிலயே கரஞ்சிரும். குட்டையா இருக்கணும். பெட்டிக்கு ரெண்டு தொளன்னா ஆண்டெனாலயும் ரெண்டு ஒயரு வரணும். எல்லாத்துக்கும் மேல நம்ம பேண்டுக்கு அது ஒத்து வரணும்."

ஒரு பக்கம் பார்ப்பதிலும் பல விதம் இருந்தது. மீன் முள் போல ஒன்று, பழைய டிவி ஆண்டெனா மாதிரி. எனக்கு அதுதான் பிடித்தது. பார்த்தாலே ஆண்டெனா என்று தெரிந்தது. இன்னொன்று வெள்ளைத் தட்டு. சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிதாக, சதுரமாக, முதுகில் இரண்டு ஒயரோடு. நான் மீன் முள்ளையே வாங்கலாம் என்றேன். அந்த மீன் முள் வேறு பேண்டுக்கு ஆனது என்றாள் அவள்.

"பாக்கறதுக்கு நல்லாருக்குதுன்னு மாடு வாங்குவீங்களாப்பா? பல்லப் பாத்துதான வாங்குவீங்க?"

தட்டையே வாங்கினோம். பார்சல்காரர் போன் செய்து உங்கள் ஊருக்கு வண்டி வராது என்றார். பென்னாகரம் போய் நானே வாங்கி வந்தேன். அதற்கும் எரிச்சல்தான், ஆனால் என் வயதில் எரிச்சல் பழகிவிடுகிறது.

இனித்தான் நான் சொல்ல வந்தது.

கம்பம் நடுவதானாலும் சுவர் எழுப்புவதானாலும் மூத்தவர் வந்து மூலை காட்டினால்தான் நம் சொந்தத்தில் நடும் வழக்கம். ஒரு தட்டுக்கு அதெல்லாம் எதற்கு என்று நானே மாடி ஏறினேன். சாமி அறைக்கு மேலே வடகிழக்கு மூலை. அங்கிருந்துதான் டவரின் தலை நேராகத் தெரியும். பழைய டிஷ் கம்பியைக் கொண்டுபோய் வைத்து, கைப்பிடிச் சுவரில் துளை போட டிரில்லை எடுத்தேன். பக்கத்து வீட்டு வாசலில் இருந்து உங்கள் பெரியப்பா பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"டே, எங்கடா நிக்கற? ஈசானி மூலயில ஒசரம் ஏத்துவாங்களா? வூட்டுப் பொண்ணு வூட்ல தங்காது, பாத்துக்க."

"ஒரு தட்டுதாங்கண்ணா. பாரம்கூட இல்ல."

"தட்டோ தேரோ, ஒசரம் ஒசரந்தான். கன்னி மூலதான் ஒசந்து நிக்கணும். அதுக்குத்தான டேங்க அங்க வெச்சிருக்குது. அதுக்குப் பின்னால மூலையிலயே நடு."

தென்மேற்கு மூலை. கடைசிக் கோடி. அங்கே நட்டால் தட்டுக்கும் டவருக்கும் நடுவில் தண்ணீர் டேங்க் நிற்கும். அக்கா ஏணியில் நின்றுகொண்டே, "டேங்கு மறைக்குமேங்க பெரிப்பா" என்றாள். அவர் டேங்கை விரல் முட்டியால் தட்டினார். டொம் என்றது.

"வெறும் பிளாஸ்டிக்கு கண்ணு. இதுவா மறைக்கப் போவுது?"

டேங்க் அப்போது காலி. போர் மோட்டார் புகைந்துபோய், காயில் சுற்றப் பென்னாகரத்தில் கிடந்தது. நாங்கள் பஞ்சாயத்துக் குழாயில் பிடித்துச் சமாளித்துக்கொண்டிருந்தோம்.

டேங்குக்குப் பின்னாலேயே நட்டோம். கீழே தென்மேற்கு அறையில் பெட்டி, குட்டையான ஒயர், எல்லாம் அவள் சொன்னபடி. பெட்டியைப் போட்டதும் நெட் பறந்தது. அக்கா வீடியோவில் அவள் தோழியைக் கூப்பிட்டுக் காட்டினாள். நீங்கள் ஹாஸ்டல் போனில் பேசும்போது விட்டு விட்டுக் கேட்கும் அம்மாவின் குரல், அன்று அந்தத் தோழிக்கு அடுத்த அறையில் இருந்து பேசுவது போலக் கேட்டதாம். பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "நான் சொன்னனா இல்லியா?" என்றார். நானும் சந்தோஷத்தில் ஆமாம் போட்டேன்.

பயிற்சி ஆரம்பித்தது. முதல் இரண்டு நாள் ஒரு தடங்கலும் இல்லை. அதற்குள் மோட்டார் ரெடியாகி வந்தது. மாட்டினோம். மூன்றாம் நாள் காலையில் லைன் அறுந்தது.

மறுநாளும் அறுந்தது. அதற்கு மறுநாளும். எல்லாம் காலையில்தான். பொழுது சாயும் நேரத்தில் பெட்டி தங்கம் மாதிரி ஓடும். காலையில் எல்லோரும் போனை நோண்டுவார்கள், அதனால் நெரிசலாக இருக்கும் என்று நினைத்தோம். நான் தட்டைத் துடைத்தேன். ஒயர் முனையைக் கழற்றி மாட்டினேன். டவர் இருக்கும் திசையைப் பார்த்து, எழுத முடியாத வார்த்தையெல்லாம் சொன்னேன். பயிற்சி கொடுக்கிற அந்த அம்மா அக்காவிடம், "நாளைக்கும் இப்படி ஆச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா" என்று சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பு இல்லை. அக்கா அழவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாள். அழுதிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பாதியில் குழாயில் தண்ணி நின்றுவிட்டது. "டேங்கு காலிங்க" என்று வெளியிலிருந்து சத்தம் போட்டாள். அதே நேரம் உள்ளேயிருந்து அக்கா, "இப்ப மட்டும் பறக்குது பாருங்க, சனியன்" என்றாள்.

அம்மா சோப்புக் கையோடு அப்படியே நின்றாள். பிறகு மாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, தண்ணி இருந்தா நெட்டு இல்ல, நெட்டு இருந்தா தண்ணி இல்ல. கவனிச்சீங்களா?"

அக்கா ஓடி வந்தாள். போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி இந்த அலைய உறிஞ்சிருமாம்பா" என்றாள். காலி டேங்க் வெறும் பிளாஸ்டிக். ரொம்பிய டேங்க் சுவரைவிடக் கேடு. தினமும் விடியற்காலையில் மோட்டாரைப் போட்டு, டவருக்கும் தட்டுக்கும் நடுவில் நாமே ஒரு தண்ணிச் சுவர் கட்டிவிட்டு, ஒன்பது மணிக்கு நெட் இல்லை என்று சிம் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொல்லி, "ஈசானி மூலைக்கே மாத்திடறங்கண்ணா" என்றேன்.

"மூலய மாத்தாத. டேங்குல தண்ணி ஏத்தாத."

எனக்குப் புரியவில்லை. "ஏங்கண்ணா?"

"நெட்டு வேணும்னா டேங்க காலியா வையி. அதுக்கு எதுக்கு வாஸ்துவ மாத்தற? கல்யாணத்துக்கு நிக்கற பொண்ண வூட்ல வெச்சிக்கிட்டு."

என் பின்னால் வந்திருந்த அம்மா வாசலில் நின்றபடியே கேட்டாள். "தண்ணி ஏத்தாம நான் என்ன மாமா, ஆத்துக்கா போறது?"

"முன்னல்லாம் கொடத்துல தூக்கலியா?"

அம்மாவின் முழங்கால் வலி அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். அப்போதே நான் பேசியிருக்கலாம். ஆனால் அண்ணன் முன்னால் குரல் உயர்த்திப் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. நாளைக்கு ஒரு நாள் பார்ப்போம், பத்து மணி வரைக்கும் மோட்டார் போட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். பாகம் பிரித்தபோது போர் அவர் பங்குக்குப் போனது, டேங்க் நம் மாடியில் நின்றுவிட்டது. இரண்டு வீட்டுக்கும் அதே தண்ணிதான். சுவிட்ச் அவர் வீட்டு வராந்தாவில் இருக்கிறது. "சரி, சரி" என்றார்.

மறுநாள் காலை. அம்மா விடியும் முன்பே குழாயில் பிடித்து வைத்துவிட்டாள். டேங்க் காலி. நெட் ஓடுகிறது. அக்கா தலை சீவிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஒன்பதுக்குக் கொஞ்சம் இருக்கும்போது மாடிக் குழாயில் தண்ணி ஏறுகிற சத்தம் கேட்டது.

வெளியே ஓடினேன். அண்ணன் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சுவிட்ச் அவர் தலைக்கு நேர் மேலே.

"அண்ணா, மோட்டார நிறுத்துங்க. சொன்னனில்லீங்க?"

"நாங்க குளிக்க வேணாமா? உம் பொண்ணு பாடம் படிக்கறதுக்கு ஊரே நாறிக் கெடக்கணுமா?"

எழுந்திருக்கவில்லை. டம்ளரை ஆட்டி ஆட்டி ஆற வைத்துக்கொண்டிருந்தார். அவர் மறந்து போட்டாரா, வேண்டுமென்றே போட்டாரா, எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. அந்த டம்ளர் ஆடியது மட்டும் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

திரும்பி மாடிக்கு ஓடினேன். ஸ்பேனரால் மேல் கிளாம்பைக் கழற்றினேன். கீழ் கிளாம்பு பழைய டிஷ்ஷோடது, துருப்பிடித்து அசையவில்லை. ஓங்கி அடித்ததில் உடைந்தது. கம்பியோடு தட்டைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு மாடியின் அந்தக் கோடிக்குப் போனேன். கீழே அம்மாவும் அக்காவும் ரூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாமி அறைக்கு ஓடுவது கேட்டது. சாமி அறை ஜன்னலுக்கு மேல் இருக்கிற காற்றுத் துளை வழியாக ஒயரை இறக்கினேன். முருகன் படத்துக்குக் கீழே, விபூதித் தட்டை நகர்த்திவிட்டு அம்மா பெட்டியை வைத்தாள்.

கம்பியை ஈசானி மூலையில் கைப்பிடிச் சுவரோடு சேர்த்து நிறுத்தினேன். கட்ட ஒன்றும் இல்லை. கிளாம்பு போய்விட்டது. துளையும் போடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

காற்றுத் துளை வழியாக அக்காவின் குரல் வந்தது. "இன்னும் கொஞ்சம் எடது பக்கம்ப்பா. இன்னும். ஆங், அப்பிடியே. அசையாதீங்க. ஆரம்பிச்சிட்டாங்க."

ஆடிக் காற்று உங்களுக்குத் தெரியும். நின்றுகொண்டிருக்கிற ஆளையே தள்ளும். தட்டு முறம் மாதிரி காற்றைப் பிடித்தது. கம்பி என் கையில் திருகிக்கொண்டு திரும்பப் பார்த்தது. நெஞ்சை வைத்து அழுத்திக்கொண்டேன். கரட்டுக்கு மேல் டவரின் தலை தெரிந்தது. அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அப்போதுதான் பெரியப்பா நம் வாசலுக்கு வந்தார்.

"சொன்னா கேக்க மாட்டியா? ஈசானியத்துலயே நட்டுட்டியா?" என்றார். நான் பேசவில்லை. காற்றுத் துளை என் காலடியில்தான் இருந்தது. நான் இங்கே வாயைத் திறந்தால் அங்கே அந்தக் கம்பெனி அம்மாவுக்குக் கேட்கும்.

"வாயில என்ன வெச்சிருக்கற? பொட்டப்புள்ள சம்பாத்தியத்துல தின்னணும்னு ஆச வந்துருச்சு ஒனக்கு. அதான."

கையில் கம்பி. கீழே என் பிள்ளை, ஒரு ஆஸ்பத்திரி பில்லில் எந்த மருந்து இரண்டு முறை எழுதியிருக்கிறது என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

"பெரியவன் பேச்சுக்கு மரியாத இல்லாத வூட்ல நல்ல காரியம் எப்பிடிடா நடக்கும்? நாளைக்கு ஒண்ணுன்னா என்கிட்ட வந்து நிக்காத."

நான் சொல்ல நினைத்ததெல்லாம் தொண்டைக்கு வந்தது. அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு குடம் தூக்கியது. பாறை மேல் உட்கார்ந்திருந்ததற்கு என் பெண்ணைப் பற்றி ஊர் பேசியபோது அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதது. வீட்டுப் பெண் வீட்டில் தங்க வேண்டும் என்று மூலை காட்டியவர்தான் அவளை ஆவணியில் அனுப்பவும் நாள் பார்த்தார் என்பது. என் பெண் சம்பாதித்து நான் தின்றால் அதில் எனக்கு என்ன கேவலம் என்பது. ஒவ்வொன்றாக வந்தது, ஒவ்வொன்றாக விழுங்கினேன். பேச வேண்டும் என்று வந்த கோபமெல்லாம் கைக்கு இறங்கியது. காற்று தள்ளத் தள்ள நானும் பிடித்தேன். உள்ளங்கையில் துருவும் வியர்வையும் சேர்ந்து எரிந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு கோபமாக நான் இருந்ததில்லை. அவ்வளவு அசையாமலும் நின்றதில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அக்கா ஏணியில் ஏறி வந்தாள்.

"முடிஞ்சிருச்சுப்பா. வுடுங்க."

"என்ன சொன்னாங்க?"

"லைன் இன்னிக்கு நல்லாருக்குன்னாங்க. நான் கண்டுபிடிச்ச தப்பு சரின்னாங்க. நாளைக்கும் வரச் சொல்லிட்டாங்க."

"நாளைக்கும் வரணும்னா இத எப்பிடி வுடறது? கட்டுக்கம்பியும் குறடும் எடுத்துட்டு வா."

அவள் கீழே இறங்கினாள். பெரியப்பா இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார், துண்டு காற்றில் பறந்துகொண்டிருந்தது. இப்போது நான் பேசலாம். யாருக்கும் கேட்காது. விழுங்கியதில் எதை முதலில் எடுப்பது என்று தேடினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"மோட்டார நல்லா போட்டுக்கங்கண்ணா," என்றேன். "டேங்கு ரொம்பி வழியட்டும்."